எக்ஸ்பி லோகோலயே நிக்குதா? ரிப்பேர் இன்ஸ்டாலா, ஃபார்மேட்டா?

விண்டோஸ் எக்ஸ்பி லோகோ வரும், கீழ நீலப்பட்டை ஓடிக்கிட்டே இருக்கும், டெஸ்க்டாப் மட்டும் வராது. முதல்ல யூஎஸ்பில சொருகினதெல்லாம் கழட்டிட்டு எஃப்8 தட்டி சேஃப் மோடு (அவசியமான டிரைவர் மட்டும் ஏறுற மோடு) பாருங்க. அதுவும் எம்யூபி.சிஸ்ங்கிற (mup.sys) விண்டோஸ் ஃபைல் பேர் வர்ற வரில நின்னா அந்த ஃபைலைத் திட்டாதீங்க, ஸ்க்ரீன்ல கடைசியா தெரியறது அதுதான், வில்லங்கம் பெரும்பாலும் அதுக்கப்புறம் லோடாகுறதுல. எதுக்கும் மசியலன்னா ரெண்டு வழி: பழைய விண்டோஸ் மேலயே திரும்ப ஏத்துற ரிப்பேர் இன்ஸ்டால், இல்ல சி டிரைவை அழிச்சுட்டு புதுசா போடுற ஃபார்மேட்.

நேரம்
ரிப்பேர்: விண்டோஸ் மட்டும் திரும்ப ஏறும், அப்டேட்டெல்லாம் மறுபடி போடணும்.
ஃபார்மேட்: டிரைவர் தேடுறதுலயே பாதி நாள் காலி.

டேட்டா
ரிப்பேர்: ஃபைல், சாஃப்ட்வேர் அப்படியே இருக்கும், ஆனாலும் பேக்கப் எடுத்துருங்க.
ஃபார்மேட்: சி டிரைவ் சுத்தமா போச்சு.

ஈஸியா?
ரிப்பேர்: இதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க, எக்ஸ்பி சிடில பூட் ஆனதும் வர்ற முதல் ஆர் (R கீ) ரெக்கவரி கன்சோலுக்கு (கமாண்ட் டைப் பண்ணி சரிபண்ற இடம்), அதை விட்டுட்டு என்டர் அடிச்சு, எஃப்8 குடுத்து ஒப்புக்கிட்டு, பழைய விண்டோஸைக் காட்டும்போது வர்ற ரெண்டாவது ஆரை அமுக்கணும், அது வரவே இல்லன்னா ரிப்பேருக்கு வழியில்ல.
ஃபார்மேட்: நேரா போகும்.

சிடி தொலைஞ்ச பழைய சாஃப்ட்வேர் உள்ள இருந்தா ரிப்பேர்தான். வைரஸ் புகுந்திருந்தா யோசிக்காம ஃபார்மேட், ரிப்பேர் அதைத் துரத்தாது. எதைப் போட்டாலும் நெட்ல விடாதீங்க, சப்போர்ட் 2014 ஏப்ரல் 8லயே முடிஞ்சிருச்சு. ஹார்ட் டிஸ்க் டக் டக்னு சத்தம் போடுதுன்னா ரெண்டுமே வேணாம், உடனே கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டி டேட்டாவ எடுங்க.