கரும்பு லோடுக்கு எந்த டிராக்டர்: 575-ஆ, 5050-ஆ?

போன வருஷம் டிராக்டர் மாற்றும்போது கடைசியில் இரண்டு வண்டிதான் மிஞ்சின. மஹிந்திரா 575 டிஐ: 45 ஹெச்பி, நான்கு சிலிண்டர். ஜான் டியர் 5050 டி: 50 ஹெச்பி, மூன்று சிலிண்டர். பாலக்கோடு பக்கம் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் எங்களுக்கு உழவைவிட டிரெய்லர் ஓட்டம்தான் அதிகம். நான் எடுத்தது 5050. அதனால் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழுவையில் இரண்டும் சளைத்ததில்லை. 575-க்கு நிமிடத்துக்கு 1900 சுற்றிலேயே முழு சக்தி. வயலிலிருந்து வரப்பேறி ரோட்டுக்கு வரும்போது எஞ்சின் சத்தம்கூட மாறாது. நான்கு சிலிண்டர் சுகமே தனி. சீட்டு, ஸ்டீயரிங்கெல்லாம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏற்றம் எப்படியும் ஏறிவிடும். இறக்கத்தில் நிற்குமா? தொப்பூர் கணவாயைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு முதலில் வரும் கேள்வி அது. வண்டி எடை இரண்டு டன் சுமார். பின்னால் வருவது அதைப்போல மூன்று மடங்கு. இங்கே ஓடும் டிரெய்லர் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. மொத்தத்தையும் பிடித்து நிறுத்துவது டிராக்டரின் இரண்டு பின் சக்கரம் மட்டும்தான்.

டிராக்டர் பிரேக்கில் ட்ரை, ஆயில் என்று இரண்டு வகை. எண்ணெய் இல்லாமல் ஓடும் ட்ரை பிரேக்கில் தட்டு காய்ந்திருக்கும்வரை பிடி நன்றாகவே இருக்கும். சேற்றுழவு ஓட்டிய வண்டியில் தண்ணீரும் சேறும் உள்ளே போனால், இல்லை சீல் கசிந்து எண்ணெய் இறங்கினால், மிதித்தாலும் பிடிக்காது. வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஆயில் பிரேக்கில் தட்டுகள் மூடிய அறைக்குள் எண்ணெயிலேயே சுற்றுகின்றன. சூடு தணிகிறது, சேறு அண்டாது, அடிக்கடி டைட் வைக்கும் வேலையும் இல்லை. 5050-ல் இதுதான் வருகிறது. 575-ல் இரண்டு வகையும் உண்டு, ஆனால் நான் போன நேரத்தில் கையிருப்பில் இருந்தது ட்ரை மட்டும். ஆயில் பிரேக் 575 அன்று கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம்.

செலவு என்று வந்தால் ட்ரை பிரேக்குக்கே சாதகம். உள்ளூர் மெக்கானிக்கே அரை நாளில் தட்டு மாற்றிவிடுவார். ஆயில் பிரேக்கில் தட்டு தேய்ந்தால் பின் அச்சு உறையையே கழற்ற வேண்டும். என் வண்டி இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. பில் எவ்வளவு என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. மறுவிற்பனையிலும் எங்கள் பக்கம் 575-க்குத்தான் ஆள் வரிசையில் நிற்கும்.

எதை எடுத்தாலும் ஒன்று. வயலில் வளைத்துத் திருப்ப இடது, வலது பிரேக் மிதிகளைப் பிரித்துவிடுவோம். ரோடேறும் முன் நடுவிலிருக்கும் கொண்டியைப் போட்டு இரண்டையும் சேர்த்தாக வேண்டும். சேர்க்காமல் லோடோடு மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து, பெட்டி பக்கவாட்டில் வந்து டிராக்டரை மடக்கிவிடும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவருக்கு ஆயில் பிரேக்கும் உதவாது. பெட்டியை எப்போதும் கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும்.