இண்டென்ட்டும் நானும், நடுவில் ஒரு நட்சத்திரக் குறியும்

"இண்டென்ட் ஓட்டினா நம்ம கோடும் ஜிபிஎல் ஆயிடுமா?" பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கம்பெனியில் லைசன்ஸ் தணிக்கை நடக்கிறதாம். இண்டென்ட் என்பது சி மொழிக் கோடை இடம் விட்டு ஒழுங்காக அடுக்கித் தரும் பழைய டூல். ஜிபிஎல் என்பது, கோடை வெளியே கொடுத்தால் சோர்ஸையும் அதே நிபந்தனையில் கொடுக்கச் சொல்லும் லைசன்ஸ்.

ஆகாது. ஒரு புரோகிராமின் லைசன்ஸ், அது வெளியே தள்ளும் அவுட்புட்டில் தானாகப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. தன் சொந்த வரிகளையே அவுட்புட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால்தான் பேச்சு மாறும். இலக்கண விதிகளிலிருந்து கோடு உருவாக்கித் தரும் பைசன் என்ற டூல் அப்படி வைக்கும். அதனாலேயே அதற்குத் தனி விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். இண்டென்ட் தன் கோடிலிருந்து ஒரு வரியும் சேர்க்காது. உங்கள் ஸ்பேஸையும் வரி முறிவையும் நகர்த்துவதோடு சரி. டூலையே உங்கள் சரக்கோடு சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் லைசன்ஸைப் படித்தாக வேண்டும்.

நான் அந்த நிலையில் இல்லாமலே ஒருநாள் படித்தேன். டூலைப் பற்றி எனக்கிருந்த பாதிக் கோபம் அங்கேதான் விளங்கியது.

இண்டென்ட்டின் பழைய சோர்ஸ் ஃபைலின் தலையில் மூன்று உரிமையாளர்கள்: 1976 இல்லினாய் பல்கலைக்கழக அறங்காவலர் குழு, 1980 கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், 1985 சன் மைக்ரோசிஸ்டம்ஸ். இல்லினாயில் டேவிட் வில்காக்ஸ் எழுதியது. பிடிபி-11 என்ற பழைய கம்ப்யூட்டருக்கான யூனிக்ஸ் டேப் ஒன்றில் ஏறி வெளியே வந்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் கைக்குப் போனது. ஆமாம், பின்னாளில் ஜாவா மொழியைச் செய்த அதே கோஸ்லிங். சன் ஆட்கள் கெர்னல் (யூனிக்ஸின் மையப் பகுதி) கோடை எழுதும் பாணியைச் சேர்த்தார்கள். பெர்க்லி (அந்தக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்தான்) தன் யூனிக்ஸான 4.2 பிஎஸ்டியோடு ஊருக்கெல்லாம் கொடுத்தது. கூடவே வரும் ரீட்மீ என்ற குறிப்பு ஃபைலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் உண்டு: பார்க்க அழகாக இல்லை, முழுக்கத் திருப்பி எழுத வேண்டியது, ஆனாலும் சி மொழிக்கு இருப்பதில் இதுதான் நல்லதாக இருக்கும் என்று. இவ்வளவு நேர்மையான ரீட்மீயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லைசன்ஸ் சிக்கலும் இந்தக் கை மாறலில் வந்ததுதான். பழைய பிஎஸ்டி வாசகத்தில், விளம்பரத்தில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அது ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது என்பது ஜிபிஎல்லை எழுதிய ஜிஎன்யூ தரப்பின் நெடுநாள் நிலைப்பாடு. அப்படிச் சொன்னவர்கள் தனியாக வளர்த்த இண்டென்ட்டிலேயே பல பதிப்புகள் வரை மூவர் பெயரையும் சொல்லச் சொல்லும் வாசகம்தான் தலையில் உட்கார்ந்திருந்தது. 1999 ஜூலையில் பெர்க்லி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. ஆனால் தன் பங்கைத்தானே கைவிட முடியும்? பிஎஸ்டி வழி வந்த ஃப்ரீபிஎஸ்டியின் சோர்ஸில் இந்த ஃபைல் நான்கு நிபந்தனை பிஎஸ்டி (விளம்பர நிபந்தனையும் சேர்ந்தது) என்ற முத்திரையோடுதான் நின்றது. ஜிஎன்யூ இண்டென்ட் இப்போது ஜிபிஎல் 3. ஒரே பெயரில் இரண்டு டூல், இரண்டு லைசன்ஸ். தணிக்கைப் படிவத்தில் வெறுமனே "இண்டென்ட்" என்று எழுதினால் பாதித் தகவல்தான்.

இனி நட்சத்திரக் குறி.

டைப்டெஃப் (சி-யில் டைப்புக்குப் புதுப் பெயர் வைக்கும் சொல்) போட்டு "நோட்" என்று ஒரு டைப் வைத்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு பாயின்டர் (மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள், நட்சத்திரக் குறி போட்டு அறிவிப்பது): "நோட் *தலை". இண்டென்ட் ஓடி முடித்ததும் "நோட் * தலை" என்று இரண்டு பக்கமும் இடம் விட்டு நிற்கும். நோட் ஒரு டைப் என்று அதற்குத் தெரியாது. பெருக்கலுக்கும் அதே குறிதான் என்பதால், ஏதோ இரண்டு வேரியபிளைப் பெருக்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளும். இந்த டூல் சி மொழியை முழுதாகப் புரிந்துகொண்டு வேலை செய்வதில்லை, சொல் சொல்லாகப் பார்த்து ஊகிக்கிறது. டைப்களை அறிவித்து வைத்திருக்கும் ஹெடர் ஃபைலையும் திறந்து பார்க்காது. 1976-ன் குறுகிய மெமரியில் அது நியாயம். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

தீர்வு இருக்கிறது: "-டி" ஆப்ஷன் போட்டு ஒவ்வொரு டைப் பெயரையும் சொல்ல வேண்டும். என் புராஜெக்டில் டாட் இண்டென்ட் டாட் ப்ரோ என்ற செட்டிங் ஃபைல் இருக்கிறது. அதில் நடைமுறை பாணிக்கு ஒரே வரி: கே அண்ட் ஆர் (சி மொழிப் புத்தகம் எழுதிய கெர்னிகன், ரிச்சி இருவரின் பாணி), உள்தள்ள எட்டு இடம். லினக்ஸ் கெர்னலின் பாணி வழிகாட்டியும் இந்த இரண்டைத்தான் சொல்கிறது. மிச்சமெல்லாம் "-டி", "-டி", "-டி". புதிதாகச் சேர்ந்த பையன் ஸ்ட்ரக்ட் என்ற புது டைப் ஒன்றை எழுதி, இங்கே பெயர் சேர்க்க மறந்தால், மறுநாள் மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பில் நட்சத்திரங்கள் மிதக்கும்.

இது என் புலம்பல் மட்டுமில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆட்கள் பிஎஸ்டி வழி வந்த இண்டென்ட்டையே தங்களுக்கென்று மாற்றி வைத்திருக்கிறார்கள். டைப் பெயர்களுக்கென்றே ஒரு நீண்ட பட்டியல் ஃபைலைச் சோர்ஸுக்குள் பராமரிக்கிறார்கள். 2023-ல் டூலின் சோர்ஸையும் தங்கள் சோர்ஸுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய டேட்டாபேஸுக்கே இந்த கதி என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு எச்சரிக்கை, பிஎஸ்டி மெஷினில் இருப்பவர்களுக்கு: அங்கே இரண்டு ஃபைல் பெயர் கொடுத்தால் இரண்டாவது அவுட்புட். ஜிஎன்யூவில் இரண்டையும் தனித்தனியே சரிசெய்யும். அந்தப் பழக்கத்தில் இங்கே இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் இரண்டாவது ஃபைலில் இருந்தது அழிந்துபோகும்.

நல்லது சொல்லாமல் விட்டால் பாவம். துக்கடா சைஸ், கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் மூட்டை எதுவும் வேண்டாம்.

அந்த எல்எல்விஎம்மோடு வரும், இதே வேலை செய்யும் க்ளாங்-ஃபார்மட்டும் வைத்துப் பார்த்தேன். நட்சத்திரக் குறியில் அதுவும் ஊகம்தான், ஆனால் பெரும்பாலும் சரியான ஊகம். லைசன்ஸும் தெளிவு: எல்எல்விஎம் விதிவிலக்கோடு அப்பாச்சி 2.0. தமாஷ் என்னவென்றால், எல்எல்விஎம் பிறந்ததும் அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தில்தான், 2000-ல். லினக்ஸ் கெர்னலிலும் 2018 முதல் அதற்கான செட்டிங் ஃபைல் இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர் எவரும் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் மாறவில்லை. மாறினால் எல்லா வரியும் அசைந்து, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் பத்துப் பேர் எழுதியதெல்லாம் என் பெயரில் வந்து நிற்கும். அந்த ஒரு கமிட்டை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி 2019 முதல் கிட்டில் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் மாறவில்லை. இன்று காலையும் புதிய டைப் ஒன்றுக்கு "-டி" வரி சேர்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.