வாலிபர் ஊழியத்துக்கு என்ன படிப்பது? பி.டி., வேதாகமக் கல்லூரி, எம்.எஸ்.டபிள்யூ.: ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் "வாலிபர் ஊழியத்துக்குப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டில் இரண்டில் ஒரு பதில் வரும். "முதல்ல ஒரு டிகிரியை முடி" என்பது ஒன்று. "கர்த்தர் அழைச்சா தள்ளிப்போடக் கூடாது, பைபிள் காலேஜ்ல சேரு" என்பது இன்னொன்று. இரண்டுமே அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் எந்தப் படிப்புக்கு எத்தனை வருடம், அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும், பதினேழு வயதுப் பிள்ளை எதிரே வந்து நிற்கும்போது அதில் எது கைகொடுக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட ஆள் இருப்பதில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முன்னால் உள்ள முக்கியமான வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் வருடக் கணக்கு

மேற்கு வங்கத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் செனட், அதாவது பட்டம் வழங்கும் குழு, அதோடு இணைந்த இறையியல் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு பி.டி. (போதகர் பணிக்கான இறையியல் பட்டம்) வழக்கமாக 5 ஆண்டு. பட்டதாரிக்கு 4 ஆண்டு. பி.டிஎச். (இறையியல் இளநிலைப் பட்டம்) என்றால் 4 ஆண்டு, அதற்குமேல் பி.டி.யும் வேண்டுமானால் இன்னும் 2 ஆண்டு.

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நேரடி பி.டி. 5 ஆண்டு. மூன்று ஆண்டு டிகிரி முடித்துவிட்டு பி.டி. சேர்ந்தால் 7 ஆண்டு. இடைவெளி வெறும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்துக்குக் கிடைப்பது, எந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லுபடியாகும் ஓர் இளநிலைப் பட்டம். கூடவே, உங்கள் ஊழியம் யாருக்கோ அவர்கள் வாழும் அதே கல்லூரி வாழ்க்கை. அரியர், விடுதி, பிளேஸ்மென்ட் பதற்றம் எதையும் பார்க்காமல் பதினேழு வயதில் செமினரி (இறையியல் கல்லூரி) வளாகத்துக்குள் போனவர், வெளியே வரும்போது தன் வயதுக்காரர்கள் பேசும் பாதி விஷயம் புரியாமல் நிற்பார். போதகருக்கு அது சிறு குறை. வாலிபர் ஊழியருக்குப் பெரிய குறை.

டிகிரி 3, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலைப் பட்டம்) 2, ஆக 5 ஆண்டு என்பது இன்னொரு வழி. அந்த ஐந்து ஆண்டுக்குள்ளேயே அஞ்சல்வழியில் வேதபாடமும் ஓடும். சுயாதீன வேதாகமக் கல்லூரிகளில் ஓராண்டுச் சான்றிதழ் முதல் 3, 4 ஆண்டு பி.டிஎச். வரை உண்டு. ஒய்வாம் என்ற வாலிபர் மிஷன் அமைப்பின் சீஷத்துவப் பயிற்சி ஐந்தாறு மாதம்தான்: ஏறக்குறைய மூன்று மாதம் வகுப்பு, மீதி வெளியூர்ப் பணி. அது படிப்பு அல்ல, ஒரு தொடக்கம். டிகிரி முடித்த வருடத்தில் அதற்குப் போய்வருவது நல்லது. டிகிரிக்குப் பதிலாகப் போவது நல்லதல்ல.

சான்றிதழின் எடை

1818இல் வில்லியம் கேரியும் ஜோஷுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் சாசனம் கொடுத்தார். 1918இல் வங்காள சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை இயற்றியது. இன்றைக்கு மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவற்றில் படிப்பவருக்குப் பட்டம் தருவது அந்த ஆற்றங்கரைக் கல்லூரியின் செனட்தான். அதனால் சபைகள் மறுபேச்சில்லாமல் ஏற்கின்றன. அரசு வேலைக்கும் பி.எட். சேர்க்கைக்கும் இதைச் சாதாரண இளநிலைப் பட்டம் போல நம்பிப் போகக் கூடாது. எம்.ஏ. சேர நினைக்கும் பல்கலைக்கழகத்திடம் சமநிலை பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுயாதீனக் கல்லூரிகளின் கதை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956இன் 22ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் தரலாம். 1970இல் தொடங்கிய ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள கல்லூரி என்றால் ஆசிரியர் தகுதி, நூலகம், பாடத்திட்டம் எல்லாம் வெளியாட்கள் வந்து பார்த்தவை என்று பொருள். அது தரத்துக்கான சாட்சி. அரசு அங்கீகாரம் அல்ல. இரண்டையும் குழப்பும் விளம்பரங்கள் நிறைய. எந்த அங்கீகாரமும் இல்லாத இடத்தில் பத்து மாதத்தில் "பி.டிஎச்." தருகிறார்கள் என்றால், அங்கே வேதவசனம் கற்கலாம், சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், அதோடு சரி.

இது ஏதோ உலகப் பிரகாரமான கவலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பேராயத்தில், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் அமைப்பில், வாலிபர் பணி இயக்குநர் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே அபிஷேகம் பெற்ற ஒரு போதகருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பொறுப்பு. மாற்றல் வந்தால் பொறுப்பும் போய்விடும். தனியாகச் சம்பளத்துக்கு வாலிபர் ஊழியரை வைக்கும் சபைகள் நகரங்களில் சில உண்டு. அங்கே நிர்வாகம் மாறினால் பணியும் ஆடும். முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளோடு, கையில் வெளியே செல்லாத சான்றிதழ் மட்டும் இருப்பவர் ஊழியத்தையே விட்டுவிட்டுப் போவதற்கு விசுவாசக் குறைவு காரணம் அல்ல. ஒரு பி.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் அவர் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே ஞாயிறு மாலை வாலிபர் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துவார்.

மூன்று வேலைகளை வைத்துப் பார்த்தால்

வாலிபர் ஊழியர் அடிக்கடி செய்யும் வேலைகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இருபது நிமிட வேதபாடம். இதில் பி.டி.க்கு ஈடு இல்லை. எபிரேயமோ கிரேக்கமோ தொட்டவர், சபை வரலாறு படித்தவர், பிற சமயங்களை மரியாதையோடு படித்தவர், "ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்ற கேள்விக்கு மழுப்ப மாட்டார். ஆனால் பயிற்று மொழியைக் கவனிக்க வேண்டும். 1969இல் உருவான அரசரடிக் கல்லூரியின் பெருமையே தமிழில் இறையியல் கற்பிப்பது. 'பரட்டை' என்று அறியப்பட்ட தியாப்பிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களைக் கொண்டுவந்தது அங்கே ஆசிரியராக இருந்துதான். கிராமச் சேகரத்து (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின்) வாலிபர் சங்கத்துக்குப் போகிறவருக்கு அந்தப் பயிற்சி பொன். குருகுலிலும் பெங்களூரிலும் பாடம் ஆங்கிலத்தில். நகரத்து ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கும் மேற்படிப்புக்கும் அது உதவும்.

எங்கே படித்தாலும் ஒன்று பழக வேண்டும்: பழைய திருப்புதலின் (பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்) தமிழை இன்றைய காதுக்குக் கொண்டுபோவது. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் ஆவியின் "பட்டயம்" வருகிறது. அங்கே அதன் பொருள் வாள். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையனுக்குப் பட்டயம் என்றால் டிப்ளமா. முதலாம் சங்கீதத்தின் "பரியாசக்காரர்" யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. கிண்டல் பண்ணுகிறவர் என்றதும் முகம் மலரும், அன்றைக்குக் கல்லூரிப் பேருந்தில் நடந்தது வெளியே வரும். பி.டி. முடித்தவர் சறுக்கும் இடமும் இதுவே: முதல் மூன்று சுவிசேஷங்களுக்கும் மூலம் எது என்று செமினரி நோட்டை அப்படியே வாசிப்பார், பிள்ளைகள் போனை எடுப்பார்கள். வேதாகமக் கல்லூரியில் மட்டும் படித்தவருக்கு வசனங்கள் மனப்பாடமாக இருக்கும். ஆனால் ஒரு தலைப்புக்குப் பத்து வசனத்தைக் கோத்துச் சொல்லும் பழக்கத்தால் ஒரே பகுதியில் நின்று தோண்ட வராது.

இரண்டாவது, கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் ஒரு பெண் தயங்கி நிற்பது. வெயிலிலும் முழுக்கை. மணிக்கட்டுக்கு மேலே வரிவரியாகக் கீறல். இங்கே முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை திட்டமானவை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது; அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே அனுப்பக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரைகளும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, நம்பகமான பெரியவர் ஒருவர் வழியாக அவற்றை அப்புறப்படுத்த வேண்டும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் இரவிலும் பேசலாம். காரணம் ஒரு பெரியவரின் பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால், பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. "சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, சுவிசேஷத்திலும் இல்லை.

இந்த இடத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் முன்னே நிற்கிறார். வாரத்தில் பொதுவாக இரண்டு நாள் களப்பணி, மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அறிக்கை, கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் ஒரே நிறுவனத்தில் தொடர் பயிற்சி. மருத்துவமனை வார்டையும் குழந்தைகள் இல்லத்தையும் பார்த்தவருக்கு எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரியும். ஆனால் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் தவறு நடக்கிறது. வேலை கிடைக்கும் என்று மனிதவள மேலாண்மையை எடுத்தால் இந்த ஊழியத்துக்கு அது உதவாது. மருத்துவ, மனநலப் பிரிவையோ குடும்பம், குழந்தை நலத்தையோ எடுங்கள். பி.எஸ்சி. உளவியலும் நல்ல அடித்தளம்தான். அதை மட்டும் வைத்து "மருத்துவ உளவியலர்" என்று பலகை மாட்ட முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். பி.டி.யிலும் ஆற்றுப்படுத்தல் (கவுன்சிலிங்) தாள் உண்டு; அது பெரும்பாலும் வகுப்பறைப் பாடம். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனையில் நோயாளிகள் நடுவே ஆற்றுப்படுத்தல் பயிற்சி பெற்றால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

மூன்றாவது, முகாம். மூன்று நாள், அறுபது பிள்ளைகள். இதை எந்தப் பாடத்திட்டமும் சரியாகச் சொல்லித்தருவதில்லை. எட்டுப் பேருக்கு ஒரு தலைவர் என்றால் எட்டுத் தலைவர்கள், சமையல் கட்டுக்கும் முதலுதவிக்கும் தனியாட்கள், பெண் பிள்ளைகள் தங்கும் அறைக்குக் கட்டாயம் பெண் தலைவர்கள். ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்து. அதே தாளில் ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா விவரம். ஆறு, அருவி, கடல் பக்கம் முகாம் வைத்தால் "தண்ணீரில் இறங்குவதில்லை" என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விபத்து பெரும்பாலும் ஓய்வு நேரத்தில், இரண்டு மூன்று பேர் நைசாக நழுவும்போதுதான் நடக்கும். அதனால் மதியம் ஒன்றரை முதல் நான்கு மணி வரைக்குத்தான் கூடுதல் கண்காணிப்பு தேவை. விளையாட்டில் நாட்டமுள்ளவருக்கு ஒரு தகவல்: 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது. உடற்கல்வி படித்துவிட்டு வாலிபர் ஊழியத்துக்கு வருவதைப் பற்றி நம் சபைகள் யோசிப்பதே இல்லை. யோசிக்க வேண்டும்.

வேலையோடு படிப்பது

எம்.எஸ்.டபிள்யூ. வழியில் போகிறவரின் இறையியல் பசிக்கு இரண்டு கதவு உண்டு. செராம்பூரின் அஞ்சல்வழிப் பிரிவில் பட்டதாரிகளுக்குக் கிறிஸ்தவ இயல் இளநிலைப் பட்டமும் மற்றவர்களுக்கு டிப்ளமாவும் இருக்கின்றன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டீ என்ற தொலைவழி இறையியல் கல்வி அமைப்பில் வீட்டில் பாடநூலைப் படித்து எழுதி, வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேச வேண்டும். தமிழிலும் பாடங்கள் உண்டு. இந்த வழி தோற்பது எப்போதும் ஒரே காரணத்தால்: குழு கலைகிறது. தனியாகச் சேர்ந்தவர் இரண்டாம் தாளோடு நின்றுவிடுகிறார். சபையில் நான்கைந்து பேராகச் சேருங்கள்.

யாருக்கு எது

குருத்துவ அபிஷேகம் பெற்று, அதற்குள் வாலிபர் பணி செய்ய வேண்டுமென்றால் டிகிரி, பிறகு பி.டி. அபிஷேகம் வேண்டாம், கல்லூரி மாணவர் நடுவிலும் பள்ளிகளிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் டிகிரி, எம்.எஸ்.டபிள்யூ., கூடவே அஞ்சல்வழி இறையியல். யு.இ.எஸ்.ஐ. போன்ற மாணவர் இயக்கங்களில் வேலை கல்லூரி வளாகத்திலேயே என்பதால் அங்கே டிகிரி இல்லாமல் சமாளிப்பது கடினம்.

பெண்கள் இந்த இரண்டாம் வழியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கு அபிஷேகம் தருகிறது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அந்தக் கதவு இல்லை. அங்கே பி.டிஎச். முடித்த பெண்ணுக்கு ஞாயிறு பள்ளிப் பொறுப்பும் ஒரு சிறு தொகையும்தான் மிஞ்சும். எம்.எஸ்.டபிள்யூ. இருந்தால் அவர் யார் தயவிலும் நிற்க வேண்டியதில்லை. கத்தோலிக்கப் பொதுநிலையினருக்கும் இதே கணக்குப் பொருந்தும். திருப்பத்தூரில் சலேசியத் துறவிகள் 1951 முதல் நடத்தும் தூய நெஞ்சக் கல்லூரி மாதிரியான இடங்கள், வாலிபர் பணியையே தங்கள் தனிவரமாகக் கொண்ட ஒரு சபையின் சூழலில் படிக்க வாய்ப்புத் தருகின்றன.

இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர் சபைப் பரிந்துரையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சேகர குரு, பேராயர் என்று கடிதம் மேலே போய்வர மாதங்கள் ஆகும். "பரிந்துரை" வேறு, "பேராயம் அனுப்புகிறது" என்பது வேறு. முன்னதில் படித்து முடித்ததும் பணி தரும் கடமை பேராயத்துக்கு இல்லை. கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் கல்லூரியிடம் கேளுங்கள்: பட்டம் தருவது யார், எந்தச் சட்டத்தின் கீழ்? வார இறுதிக் களப்பணியில் வாலிபர் சங்கத்தைக் கேட்டு வாங்க முடியுமா, அல்லது அனுப்பிய இடத்துக்குத்தான் போக வேண்டுமா? களப்பணியை யார் வந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்? குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் உண்டா? பிறகு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, போன ஞாயிற்றுக்கிழமை களப்பணியில் என்ன செய்தார் என்று கேளுங்கள்.