ஆஸ்பிரின் ஆகாதவருக்கு மூட்டுவலி வந்தால் எதை விழுங்குவது?

குறுவை நடவு முடிந்த வாரத்தில் மன்னார்குடிப் பக்கம் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும்: "இடுப்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே." கடைக்காரர் அட்டைகளைக் கத்தரித்து, மூன்று நிறத்தில் மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுப்பார். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். அப்படி வந்த ஒரு பொட்டலத்தை என் அம்மா சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது, இளைப்பு ஏறியது. ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆஸ்பிரின் ஆகாது என்று கடையில் சொல்லித்தான் வாங்கினார். அதில் ஆஸ்பிரின் இல்லைதான். இருந்தது டைக்ளோஃபெனாக் என்ற வேறொரு வலி மாத்திரை.

இந்த ஒவ்வாமைக்கு ஆஸ்பிரின் என்ற பெயரைத் தாண்டிப் பார்க்க வேண்டும். உடம்பில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று இரண்டு நொதிகள் உண்டு. முதலாவது இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. இரண்டாவது வீக்கம் வரும் இடத்தில் பெருகுகிறது. ஆஸ்பிரின் இந்த நொதி வழியை அடைத்துத்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் கண்டவர் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசு பெற்றார். காக்ஸ்-1 அடைபட்டால் சிலருக்கு மூச்சுக்குழலைச் சுருக்கும் பொருள்கள் மளமளவென்று சுரக்கின்றன. ஆஸ்துமாவோடு மூக்கினுள் சதை வளர்ச்சியும் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபனமிக் அமிலம் எல்லாமே காக்ஸ்-1ஐயும் அடைப்பவை. ஆஸ்பிரினுக்கு மாற்று என்று இவற்றைக் கொடுப்பது இவர்களுக்கு அதே ஆபத்தை வேறு அட்டையில் கொடுப்பதுதான்.

அப்புறம் என்ன மிச்சம்? முதலில் பாராசிட்டமால். ஒரு வேளைக்கு 500 மி.கி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், ஒரே தடவையில் 1000 மி.கி. போட்டால் ஆஸ்பிரின் ஆகாத ஆஸ்துமாக்காரர் சிலருக்கு இளைப்பு வருவதுண்டு. வயிற்றைப் புண்ணாக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு சந்தேகத்தோடு காய்ச்சல் வந்தால் நம்பி எடுக்கக்கூடியதும் இதுதான். குறை என்னவென்றால், வலி குறையும், வீக்கம் அப்படியே நிற்கும். காலையில் முழங்கால் பந்துபோல் வீங்கி மடக்க முடியாதவருக்கு இது போதாது. தினமும் குடிப்பவர்கள் ஈரலை நினைத்து இதன் அளவிலும் கவனம் வைக்க வேண்டும்.

வீக்கத்துக்கு என்றால் என் ஓட்டு செலகாக்சிப், எட்டோரிகாக்சிப் பக்கம். இவை பெரும்பாலும் காக்ஸ்-2ஐ மட்டும் தொடுவதால், ஆஸ்பிரினுக்கு இளைக்கும் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். வயிற்றுப்புண் ஆபத்தும் குறைவு. ஆனால் பயமில்லாத மருந்து என்று சொல்ல மாட்டேன். இதே இனத்து ரோஃபெகாக்சிப் மாரடைப்பு ஆபத்தால் 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. எட்டோரிகாக்சிப் ரத்த அழுத்தத்தை ஏற்றும். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் செலகாக்சிப் என்றதும் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதய நோயாளிக்கும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இரண்டுமே சரிப்படாது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நிற்பவர், அதிலும் பிபி மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர், இதைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் அடி வாங்கும். முதல் மாத்திரையை டாக்டர் கண்முன் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வருவது நல்லது. அம்மா அப்படித்தான் செய்தார்.

நிமசுலைடு வேண்டாம். ஈரல் பாதிப்புக்குப் பேர்போன மருந்து. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011-லேயே தடை. டைக்ளோஃபெனாக் களிம்பு ரத்தத்தில் கொஞ்சம்தான் சேரும், ஆனாலும் இளைப்பு வரும் ஆட்கள் கேட்காமல் தடவக் கூடாது. பெயரில்லாத வாதச் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டது இந்தியாவில் பலமுறை நடந்திருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கள் வாய்க்கால் கரை வேலியில் நொச்சி நிற்கிறது. அம்மா அதன் இலையை நல்லெண்ணெயில் வதக்கி, பழைய வேட்டித்துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் முழங்காலில் ஒற்றுவார். அரை மணி நேரம் இதமாக இருக்கும், மூச்சுக்குத் தொந்தரவில்லை. முடக்கத்தான் தோசையும் வாரம் ஒருமுறை உண்டு. வீங்கிய மூட்டை இவை மட்டும் இறக்கும் என்று நான் நம்பவில்லை. மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைக்க உதவினால் சரி.

இப்போது அம்மாவின் சுருக்குப்பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில், டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு இருக்கிறது. ஆகாத மாத்திரைகள் ஒன்பதின் பெயர் தமிழில். போன வாரம் கடையில் அதை நீட்டி, "கத்தரிக்காதப்பா, அட்டையோட குடு, வீட்டுல பேரு பாக்கணும்" என்றார்.