அலாஸ்கா, யூகான் வழியில் நாயுடன்: அரசு கேம்ப்கிரவுண்டா, ஆர்.வி. பார்க்கா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து டாசன் கிரீக்கில் தொடங்கி, கனடாவின் வடமேற்கு ஓரத்து யூகானைக் கடந்து, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை போகும் அலாஸ்கா நெடுஞ்சாலை ஏறக்குறைய 2,230 கி.மீ. நீளம். இதில் நாயோடு போகிறவர்கள் ஒவ்வொரு மாலையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒன்று, காட்டுக்குள் இருக்கும் அரசு கேம்ப்கிரவுண்ட்: விசாலமான இடம், மரம், ஏரி உண்டு, மின்சாரம் பெரும்பாலும் கிடையாது. இன்னொன்று, ஊரை ஒட்டிய தனியார் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி) பார்க்: மின் இணைப்பு, குழாய்த் தண்ணீர், துணி துவைக்கும் இடம் எல்லாம் உண்டு; பக்கத்து வண்டியும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

கட்டணத்தையும் காட்சியையும் வைத்து முடிவு செய்கிறவர்களே அதிகம். நாய் கூட இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாளைப் பகலில் நாயைத் தனியே விட்டுவிட்டுப் போகப் போகிறோமா? இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அரசு கேம்ப்கிரவுண்ட். ஆமாம் என்றால் மின்சாரம் உள்ள ஆர்.வி. பார்க்.

நாய் தனியே இருக்கும் பகல்

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். உள்ளே ரைலி கிரீக், சாவேஜ் ரிவர், டெக்லனிகா மூன்றிலும் ஆர்.வி. நிறுத்தலாம், ஒன்றிலும் மின் இணைப்பு இல்லை. ஜெனரேட்டர் ஓட்டக் காலை 8 முதல் 10 வரை, மாலை 4 முதல் 8 வரை மட்டுமே அனுமதி. பூங்காவின் உட்பகுதிக்குப் போகும் பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள். பேருந்தில் போய்வர நாலைந்து மணி நேரமாவது ஆகும். மேசைக் காலிலோ மரத்திலோ கட்டிப்போட்டுவிட்டுப் போவதும் விதிமீறல். மிஞ்சுவது வண்டிக்குள் பூட்டி வைப்பதுதான், அதுவும் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாத நேரத்தில்.

"வடக்குதானே, குளிராகத்தான் இருக்கும்" என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருந்தால், வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் 31 டிகிரியைத் தாண்டும். அரை மணியில் 40ஐத் தொடும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் ஜூன், ஜூலையில் வெளியிலேயே 30 டிகிரி வரும் நாட்கள் உண்டு. இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஃபேர்பேங்க்ஸிலும் யூகானின் தலைநகர் வைட்ஹார்ஸிலும் கோடையில் கடிகாரம் பிற்பகல் 2 மணி காட்டும்போதுதான் சூரியன் உச்சிக்கு வருகிறது. ஆகவே நாளின் கடும் வெப்பம் மாலை 5, 6 மணிக்கு. "மதியத்தோடு வெயில் இறங்கிவிடும்" என்ற நம் பழைய கணக்கு அங்கே செல்லாது. ஜூன் 21 வாக்கில் ஃபேர்பேங்க்ஸில் பகல் ஏறக்குறைய 22 மணி நேரம் நீள்கிறது. இரவு 9 மணிக்கு மேல் சூரியன் வடமேற்கில் தாழ்வாக நின்று பக்கவாட்டு ஜன்னல் வழியே நேராக உள்ளே அடிக்கும். இடம் பிடிக்கும்போது தெற்கு நிழலை விட மேற்கிலும் வடமேற்கிலும் மரம் இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

இதனால்தான் பேருந்தில் போகும் நாளுக்கு மட்டும் பூங்கா வாசலை ஒட்டியோ, வடக்கே ஹீலியிலோ உள்ள ஆர்.வி. பார்க்கை எடுக்கச் சொல்கிறோம். ஆனால் மின்சாரம் இருக்கிறது என்பதாலேயே நாய்க்கு ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. கூரை ஏ.சி. ஒன்று 12 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். பல பார்க்குகளில் 20 அல்லது 30 ஆம்பியர்தான் தருகிறார்கள். அதில் மின்சார வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். ஏ.சி. நின்ற, ஜன்னல் சாத்திய வண்டிக்குள் நாய் மாட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் வாட்டர் ஹீட்டரை அணையுங்கள். ஃபிரிட்ஜை கேஸுக்கு மாற்றுங்கள். பிளக்கில் செருகும் வோல்ட் மீட்டரைப் பாருங்கள். எல்லா வண்டியும் ஏ.சி. போடும் மாலையில் மின்னழுத்தம் சரியும். 105 வோல்ட்டுக்குக் கீழே ஏ.சி. ஓட்டினால் கம்ப்ரஸர் கெடும். கூரை மின்விசிறி 12 வோல்ட் பேட்டரியில், வெப்பம் ஏறினால் தானாக ஓடும்படி வைத்திருந்தால் பிரேக்கர் விழுந்தாலும் காற்றோட்டம் இருக்கும்.

வண்டிக்குள் வெப்பம் ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் செல்போன் சிக்னலை நம்பியிருப்பவை. ஊர்களுக்கு இடையே பல பத்து கிலோமீட்டருக்குச் சிக்னலே இருக்காது. பூங்காவுக்குள் உங்கள் போனுக்கும் வராது. கருவியை விட நம்பகமான வழி, பார்க் அலுவலகத்தில் உங்கள் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, மின்சாரம் போனால் கதவைத் திறக்கச் சொல்லிச் சாவி கொடுத்துவிட்டுப் போவது. சில பார்க்குகளில் வண்டிக்குள்ளேகூட நாயைத் தனியே விடக் கூடாது என்று விதி இருக்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: உள்ளே தனியே விடலாமா, எத்தனை ஆம்பியர், இனத்துக்கோ எண்ணிக்கைக்கோ கட்டுப்பாடு உண்டா?

இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. இன்று ஒருவர் பேருந்தில், நாளை மற்றவர். ரைலி கிரீக்கிலேயே தங்கலாம்.

நடக்க விடும் இடமும் விடாத இடமும்

டெனாலியில் கேம்ப்கிரவுண்ட், வாகன நிறுத்தம், பூங்காச் சாலை இவற்றோடு ரோட்சைட் டிரெயில், சைக்கிள் பாதை போன்ற ஓரிரு வழிகளில் மட்டுமே நாய்க்கு அனுமதி. மற்ற நடைபாதைகளிலும் ஆற்றுப் படுகையிலும் கூடாது. ஓநாய்களும் கரடிகளும் வாழும் இடத்தில் நாயின் வாசனையும் நோயும் கலக்கக் கூடாது என்பதே காரணம், நியாயமான காரணம். எல்லை தாண்டி யூகான் பக்கம் வந்தால் நிலைமை வேறு. க்ளுவேன் தேசியப் பூங்காவிலும், டாசன் சிட்டி அருகே தொடங்கி வடக்கே போகும் டெம்ப்ஸ்டர் சரளைச் சாலையின் 71ஆம் கிலோமீட்டரில் இருக்கும் டூம்ஸ்டோன் பூங்காவிலும் கயிற்றில் பிடித்தபடி நடைபாதைகளில் கூட்டிப் போகலாம். நாயோடு மலையில் நடக்க வேண்டும் என்பதே ஆசையானால் டெனாலியில் ஒரு நாள் குறைத்து க்ளுவேனில் இரண்டு நாள் கூட்டுங்கள்.

க்ளுவேன் ஏரிக்கரையில் உள்ள காங்டன் கிரீக் யூகான் அரசின் கேம்ப்கிரவுண்ட். அங்கே சோப்பெர்ரிப் பழம் மிகுதி. அது பழுக்கும் காலத்தில் கரடிகள் மேய வரும். கூடாரக்காரர்களுக்கென்று மின்வேலி போட்ட தனிப் பகுதி இருக்கிறது. நாயோடு கூடாரத்தில் தங்குகிறவர்கள் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் மாதங்களில் இந்த இடத்தைத் தவிர்ப்பதே நல்லது; சுவர் கெட்டியான வண்டிக்காரர்களுக்குப் பாதகமில்லை. வழியில் லியார்ட் வெந்நீர் ஊற்று வரும். ஊற்றுக்குப் போகும் மரப்பாலத்தில் நாய்க்கு இடமில்லை. ஒருவர் குளிக்க ஒருவர் காவல்.

கயிறு வாங்கும்போது நீளம் பாருங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 6 அடி வரை, அலாஸ்கா மாநிலப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகளில் 9 அடி வரை. ஆறடிக் கயிறு இரண்டுக்கும் பொருந்தும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு இந்த ஊருக்கு ஆகாது. மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) எதிரே நிற்கும்போது நாய் ஐந்து மீட்டர் முன்னால் இருக்கக் கூடாது. மே இறுதி, ஜூனில் கன்றோடு நிற்கும் மூஸுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான். காதை மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்தால் பாயப் போகிறது என்று அர்த்தம். நாயை இழுத்துக்கொண்டு பெரிய மரத்துக்குப் பின்னால் ஓடிவிடுங்கள். கரடி விஷயத்தில் அவிழ்த்துவிட்ட நாய்தான் ஆபத்து: குரைத்துக்கொண்டு போய்ச் சீண்டிவிட்டு, பயந்து திரும்பி உங்களிடமே ஓடி வரும், பின்னாலேயே கரடியும் வரும்.

தரையில் கிடப்பவை

பாதுகாப்பு என்று நாம் நினைக்கும் ஆர்.வி. பார்க்கில்தான் இந்தத் தொல்லை கூடுதல். அலாஸ்காவிலும் யூகானிலும் சாலையோரம், சரளைத் தரை, வெட்டிவிட்ட மண் எங்கும் ஃபாக்ஸ்டெயில் என்று சொல்லும் காட்டு பார்லி முளைக்கும். ஜூலையில் இளஞ்சிவப்பும் வெள்ளியுமாகக் காற்றில் அலையும். பார்க்க அழகாக இருக்கும். காய்ந்ததும் கதிர் உதிரும். கதிரின் ஒரு இழையை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும். நெல்லின் சுணை போலத்தான். ஆனால் முட்கள் பின்னோக்கி இருப்பதால் ஒவ்வொரு அசைவிலும் முன்னே மட்டுமே போகும். கால்விரல் இடுக்கில் நுழைந்தால் தோலைத் துளைத்து மேலேறிச் சீழ் வைக்கும். மூக்கில் போனால் நாய் விடாமல் தும்மும். காதில் போனால் தலையைச் சாய்த்து உதறும். ஒரே விரலை நக்கிக்கொண்டிருந்தால் அங்கே ஏறியிருக்கிறது.

பயணத்துக்கு முன் விரல் இடுக்கு மயிரைக் கத்தரித்துவிடுங்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் விரல் இடுக்கு, அக்குள், காது, இமை என்று தடவிப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் நேராக இழுத்தெடுக்கலாம். உள்ளே போனது மருத்துவர் வேலை. முழு வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்கு வைட்ஹார்ஸ் அல்லது ஃபேர்பேங்க்ஸ்தான். இரண்டுக்கும் நடுவே 950 கி.மீ. என்பதை மறக்க வேண்டாம்.

மரமடர்ந்த அரசு கேம்ப்கிரவுண்டில் அதற்கு ஈடான ஆபத்து முள்ளம்பன்றி. இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் அவிழ்த்துவிடத் தோன்றும், விடாதீர்கள். முள் குத்தினால் நுனியை வெட்டக் கூடாது. வெட்டினால் உள்ளே தளரும் என்பது கட்டுக்கதை. உடைந்து புதைவதுதான் மிச்சம். வாயிலும் முகத்திலும் நிறைய ஏறியிருந்தால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வழி நெடுக நாய் காலால் தேய்க்காதபடி கழுத்துக்கூம்பு மாட்டுங்கள்.

சரளைச் சாலைகளில் புழுதி அடக்கக் கால்சியம் குளோரைடு தூவுவார்கள். பாதத்தை எரிக்கும், நாய் நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். இங்கே ஆர்.வி. பார்க்கின் குழாயும் ஹோஸும் வரப்பிரசாதம். கேம்ப்கிரவுண்டில் கைப்பம்பும் ஒரு வாளியும்தான். தண்ணீர் பல்லைக் கிட்டிக்கும். "கொதிக்க வைத்துக் குடிக்கவும்" என்று பலகை இருந்தால் அது நாய்க்கும் சேர்த்துத்தான்.

தீனி, மீன், கொசு

கரடி நாட்டில் நாய்த் தீனியும் மனிதச் சாப்பாடும் ஒரே கணக்கு. மூட்டை, காலித் தட்டு, தண்ணீர்க் கிண்ணம்கூட இரும்புப் பெட்டிக்குள் அல்லது பூட்டிய வண்டிக்குள். நாளெல்லாம் தட்டில் தீனி போட்டு வைக்கும் பழக்கமுள்ள நாயை, கிளம்பும் முன் இரண்டு வாரமாவது வேளைச் சாப்பாட்டுக்குப் பழக்குங்கள். வேளைக்கு இருபது நிமிடம், மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

அலாஸ்காவின் தெற்கே கீனாய் தீபகற்பத்தில் சால்மன் மீன் காலத்தில் அரசு இடமும் தனியார் இடமும் ஒன்றுதான். ரஷ்யன் ரிவர் கேம்ப்கிரவுண்டின் ஆற்றங்கரையிலும், பார்க்குகளின் மீன் வெட்டும் மேசை அடியிலும் மீன் கழிவும் தூண்டில் முள்ளும் கிடக்கும். முள்ளை விழுங்கிய நாயின் வாயில் நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. ஓரிகன், வாஷிங்டன் கடற்கரை வழியாக வந்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அங்கே பச்சை சால்மன் தின்ற நாய்க்கு ஒரு வாரம் கழித்து வாந்தி, கடும் காய்ச்சல் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். டாக்ஸிசைக்ளின் நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும். மருத்துவரிடம் "மீன் தின்றது" என்று சொல்வதுதான் பாதி வைத்தியம்.

கொசு ஜூனிலும் ஜூலை முன்பாதியிலும் உச்சம். சதுப்பை ஒட்டிய கேம்ப்கிரவுண்டை விடத் திறந்த ஆர்.வி. பார்க் பரவாயில்லை; காற்றடிக்கும் ஏரிக்கரை இரண்டையும் விட நல்லது. மனிதர் பூசும் டீட் மருந்தை நாய்க்குப் பூசக் கூடாது, நக்கினால் நஞ்சு.

காகிதமும் காசும்

யூகான் அரசு கேம்ப்கிரவுண்டுகளில் விறகு கட்டணத்திலேயே அடக்கம். அதனால் விலையில் அரசு இடமே மலிவு. கனடாவுக்குள் நுழைய வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவுக்குள் நுழைய 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்க்கு ஆறு மாத வயதும் மைக்ரோசிப்பும் கட்டாயம், சி.டி.சி.யின் (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பு) நாய் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பி ரசீதை வைத்திருக்க வேண்டும். அலாஸ்காவுக்குச் சாலை வழியே போகும் அமெரிக்கர்களும் கனடாவிலிருந்து திரும்ப நுழைகிறவர்கள்தான். அவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டையும் கலப்பது

யூகானில் உள்ள டாசன் சிட்டி (டாசன் கிரீக் வேறு ஊர்) வழியாக டெம்ப்ஸ்டர் போகிறவர்கள் முதல் இரவு ஆற்றுக்கு மறுகரையில் உள்ள யூகான் ரிவர் கேம்ப்கிரவுண்டில் தங்கலாம், படகுச்சேவை இலவசம். மறுநாள் ஊருக்குள் உள்ள ஆர்.வி. பார்க்கில் தண்ணீர் நிரப்பி, நாயைக் குளிப்பாட்டிவிட்டு டூம்ஸ்டோனில் இரண்டு இரவு. இனுவிக், டுக்டோயாக்டுக் வரை போனால் அந்தப் பக்கத்துத் துருவ நரிகளிடம் வெறிநோய் உண்டு. தடுப்பூசித் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் மறுபடி ஆர்.வி. பார்க். முதலில் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பிறகு நாயை. வண்டியிலிருந்து வடிந்து தேங்கும் சாம்பல் நிறத் தண்ணீரில் கால்சியம் குளோரைடு கரைந்திருக்கும். தாகத்தோடு வரும் நாய் முதலில் வாய் வைப்பது அந்தக் குட்டையில்தான். அதனால் கழுவத் தொடங்கும் முன்பே அதன் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள்.