உப்புக்காற்றில் ஒரு டேப்லெட்: வகுப்பறைப் பயன்பாட்டு அனுபவம்

இந்த டேப்லெட்டின் சார்ஜ் பின்னை மறுபடியும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். திரை, நினைவகம், பேட்டரி பற்றிய விவரங்கள் எங்கும் கிடைக்கும்; இந்த விலையில் வரும் சிம் போடக்கூடிய பத்து அங்குலக் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊரை அடுத்த கடற்கரைக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் தமிழும் நடத்துவதற்கு இதை 2021 முதல் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பயன்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கும் கடலுக்கும் இடையே ஒரு தெருவும் சில பனைகளும்தான் இருக்கின்றன. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணலும், வாடைக்காற்று மாதங்களில் ஈரமும் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்துவிடும். இரண்டோடும் உப்பு வரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், சார்ஜ் துளைக்குள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நிற்கும் உலோக முனைகளின் மேல் அது மெல்லிய படலமாகப் படிகிறது. அந்த நிலையில் மின்சாரம் பாயும்போது மேற்பூச்சு மின்பகுப்பால் அரிக்கப்பட்டு, அடியிலிருக்கும் செம்பு வெளிப்பட்டு, கவனிக்காமல் விட்ட பூசைப் பாத்திரம் போலப் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. பிறகு வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். நல்ல வெயில் நாளிலும் ‘ஈரம் கண்டறியப்பட்டது’ என்று அறிவிப்புக் காட்டிவிட்டு நின்றுபோகும். முதல் நாள் இரவு முழுவதும் செருகி வைத்திருந்த கருவி மறுநாள் காலை முதல் பாடவேளையில் அணைந்துபோனால், அதை நம்பித் தயாரித்த பாடமும் அதோடு போயிற்று.

உத்தரவாதக் காலத்திலேயே முதல்முறை பழுதானபோது, சேவை மையத்தில் கருவியைத் திறந்து, உள்ளே நிறம் மாறியிருந்த ஒரு சிறு ஒட்டுத்தாளைக் காட்டி, தண்ணீர் புகுந்திருக்கிறது, உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சொட்டு நீர்கூட நேரே படாத கருவி அது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். நீர்த்தடுப்புத் தரக்குறியீடு பெற்ற விலையுயர்ந்த கருவிகளே நன்னீரில்தான் சோதிக்கப்படுகின்றன. இந்த விலைக் கருவியிடம் உப்புக்காற்றைத் தாங்கும் திறனை எதிர்பார்ப்பது கூடுதல்தான். ஆனால் கடற்கரையில் மூச்சு விடுவதைப் போல இயல்பாக நடக்கும் ஒன்றைப் பயனர் செய்த சேதம் என்று எழுதிக் கொடுத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. கடைசியில் இராமநாதபுரத்தில் ஒரு சிறிய கடையில், “பின் மட்டும் மாத்துனா நிக்காதுக்கா, போர்டோட மாத்திருவோம்” என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். பழைய பின்னை எடுத்துவந்து அரிமானம் நடத்தும்போது வகுப்பில் சுற்றுக்கு விடுகிறேன்.

இனி, இதை நான் ஏன் தூக்கி எறியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே காரணம், குரல்.

கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதுவரை பிள்ளைகளிடம் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பச் சொல்லியிருந்தேன். காணொளி இழுபட்டு நின்றுபோகும் சிக்னலிலும் குரல்பதிவு வந்து சேரும். சிக்னலே இல்லாவிட்டாலும் பதிவுசெய்து வைத்தால் கிடைக்கும்போது தானாகப் போய்விடும். பள்ளி திறந்த பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. வகுப்பில் எழுந்து நின்றால் வாயைத் திறக்காத ஒரு பெண் வீட்டுத் திண்ணையிலிருந்து அழகாக வாசித்து அனுப்பியபோதுதான், அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று பலரும் முடிவுகட்டி வைத்திருந்தது எவ்வளவு தவறு என்று தெரிந்தது. நீண்ட சொல்லை ஒரு பிள்ளை எங்கே உடைக்கிறது, லகர ளகர ழகரத்தில் எங்கே தடுமாறுகிறது என்பதை நெரிசலான வகுப்பில் கேட்க முடிவதில்லை. இங்கே இரண்டு முறை, மூன்று முறை போட்டுக் கேட்டு, அந்தப் பிள்ளைக்கு மட்டும் என் குரலில் பதில் அனுப்ப முடிகிறது. யாருடைய பதிவையும் வகுப்பில் எல்லோர் முன்னும் ஒலிக்க விடுவதில்லை. இந்த டேப்லெட்டின் மைக்கும் ஒலிபெருக்கியும் விலைக்கு மிஞ்சிய தரம் என்பதை நான் மனமாரச் சொல்வேன்.

வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே போன் என்பது பெரும்பாலும் அப்பாவின் போன், அது அவரோடு கடலுக்குப் போகும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் தொழிலுக்குப் போகும் ஏற்பாடு இருப்பதால், திங்கட்கிழமை கொடுக்கும் வீட்டுவேலை விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமை படகு கரைக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். நாட்டுப்படகு வீடுகளுக்கு வேறு கணக்கு. மீனவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டு வேலைநிறுத்தம் நடக்கும் வாரங்களில் போன் வீட்டிலேயே இருக்கும், ரீசார்ஜ் செய்யப் பணம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்திலும் இதே நிலைதான். ஆகவே இரவு ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று கெடு வைப்பதை விட்டுவிட்டு, ஒரு வாரம் முழுவதையும் அவகாசமாகக் கொடுக்கிறேன். இதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. பிள்ளையின் பதிவு அப்பாவின் போனிலேயே தங்கிவிடுவதால், வலை இழுவையில் இருக்கும் நேரத்தில் அவர்கள் அதைக் கேட்கிறார்கள். எழுத்தறியாத ஒரு தகப்பனார் பள்ளிக்கு வந்து, “இந்த வாரம் நிப்பாட்டி நிப்பாட்டி வாசிக்குது டீச்சர், என்னன்னு பாருங்க” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரியாக இருந்தது.

மற்ற வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிடத் தொடங்கிய கியூஆர் குறியீடுகள் பயனுள்ளவை, ஆனால் வகுப்பில் வைத்துத் திறக்க முயலாதீர்கள். தீக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலியில் அந்தப் பாடங்களை முதல் நாளே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றி ஓடும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் தெளிவானவை. எனினும் கடற்பாசி பற்றிய பாடத்துக்கு நான் எந்தக் காணொளியையும் போடவில்லை. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் எங்கள் பிள்ளைகளின் ஆத்தாக்களும் அம்மாக்களும்தான். அவர்களிடம் பிள்ளைகளே கேட்டுப் பதிவுசெய்து வந்த பேச்சைத்தான் வகுப்பில், அவர்களின் சம்மதத்தோடு, ஒலிக்க விட்டேன். அந்தப் பாசியிலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப்படுகிறது என்பதையும், ஆய்வகங்களில் நுண்ணுயிர் வளர்க்க அது பயன்படுகிறது என்பதையும் சொன்னபோது வகுப்பு அவ்வளவு கவனமாக இருந்தது.

தொண்டிக்கு மாறுதலாகிப் போயிருக்கும் தோழி ஒருவர், விலை குறைந்திருக்கிறது, இதையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அங்கேயும் இதே காற்றுதான் அடிக்கிறது. சார்ஜ் பின்னை மாற்றும் செலவு, டேப்லெட்டின் விலையில் கணிசமான பங்கை ஒவ்வொரு முறையும் விழுங்குகிறது. அதற்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை. அந்தப் பணத்துக்கு, உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கும் சாதாரண போன் ஒன்றும் தனி ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கினால் போதும், குரல்பதிவு வேலை அதிலும் நடக்கும். என்னுடைய டேப்லெட்டின் சார்ஜ் பின் இன்னொரு முறை பழுதானாலும் நான் மாற்றிக்கொள்வேன், ஏனென்றால் பிள்ளைகளின் பதிவுகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. புதிதாக ஒருவரை இந்தத் தொல்லைக்குள் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.