நெஞ்சில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டை: 55-க்கு மேல் ஓட வந்தவள் பார்வையில்

எனக்கு இப்போது 58 வயது. ஓட ஆரம்பித்ததே 55-க்கு மேல்தான். இப்போது அரை மாரத்தானுக்குப் பயிற்சி நடக்கிறது. இந்தப் பட்டையை வாங்கியபோது, “கையிலதான் வாட்ச் இருக்கே, இது எதுக்கும்மா?” என்றாள் மகள். நியாயமான கேள்விதான்.

மெதுவாக ஓடும்போதே என் வாட்ச் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 165-க்கு மேல் காட்டும். எனக்கோ மூச்சே வாங்காது, பக்கத்தில் வருபவரோடு கதை பேசிக்கொண்டு போவேன். பட்டையைக் கட்டிய அன்றைக்கே குட்டு வெளிப்பட்டது. பட்டையில் 131, வாட்ச்சில் 166. சந்தேகம் வந்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்று எண்ணினேன். அதுவும் 166-ஐ ஒட்டித்தான் வந்தது! வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. கை வீசும் ஆட்டத்தையே சில சமயம் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேராகப் பிடிப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

கட்டுவதற்கு முன் உள்பக்கம் உள்ள இரண்டு ரப்பர் பகுதிகளையும் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த பட்டையைக் கட்டினால், நன்றாக வியர்க்கும்வரை எண் தாறுமாறாக ஓடும்.

பெண்களுக்கு ஒரு விஷயம். விளம்பரப் படங்களில் சட்டை போடாத இளைஞர்கள்தான் இதைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் இதை யாரும் சொல்வதில்லை. ஸ்போர்ட்ஸ் பிராவின் அடி விளிம்பும் பட்டையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பட்டையின் மேல் பாதியை அந்த விளிம்புக்கு அடியில் செருகிவிட்டால் உருண்டு இறங்காது. நீண்ட ஓட்டங்களில் பக்கவாட்டில் தோல் உரசிச் சிவந்துவிடுகிறது. அங்கே வாசலின் தடவிக்கொள்கிறேன். ரப்பர் படும் இடத்தில் மட்டும் தடவக் கூடாது, சிக்னல் போய்விடும்.

கோபம் வந்தது இதனோடு வரும் செயலியின் மேல். 220-இலிருந்து வயதைக் கழித்து, என் உச்சத் துடிப்பு 162 என்று அதுவே முடிவு செய்துவிட்டது. 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்குப்படி 167 வரும். இரண்டுமே சராசரிகள்தான், ஒருவருக்கொருவர் பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் சாதாரணம். ஏற்றத்தில் முழு மூச்சாக ஓடிய ஒருநாள் பட்டையிலேயே 174 பார்த்தேன். உச்சத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த அமைப்பை நாலு பக்கத்துக்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். மாற்றும்வரை சும்மா சும்மா சிவப்பு எச்சரிக்கை.

ரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது, மாத்திரை துடிப்பை ஏறவிடாது. அப்புறம், நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

நான் இதை விடாமல் கட்டுவது வெயில் நாட்களுக்காக. ஒரே வேகத்தில்தான் ஓடுகிறேன். ஆனால் உடம்பு சூடேறி நீர் குறையக் குறைய, கடைசி அரை மணியில் துடிப்பு பத்துப் பன்னிரண்டு கூடிவிடுகிறது. கால் சோர்வதற்கு முன்பே எண் சொல்லிவிடும். உடனே நடைக்கு மாறிவிடுவேன்.

பேச்சு தடைபடாமல் ஓட முடிகிறது, அது போதும் என்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பயிற்சி செய்பவர்களுக்கு நிச்சயம் உதவும்.

பட்டையில் பொருத்தும் சிறு கருவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்ற நாணயத்தால் மூடியைத் திருக வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் வளையம் உண்டு, அது சரியாக உட்காராவிட்டால் வியர்வை இறங்கிவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கருவியைக் கழற்றிவிட்டு பட்டையைப் பச்சைத் தண்ணீரில் அலசிப் போடுங்கள். வாங்கும்போதே மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், முதலில் தளர்ந்து போவது அதுதான்.